ஸ்பிரிங்கில் சுற்றிய வார்

மாசி மாதம் பிறந்து நாலைந்து நாள் இருக்கும். எங்கள் முதலாளி கார் ஷெட்டில் குந்தி உட்கார்ந்து, பின் டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவில் கையை நுழைத்துப் பார்த்தார்.

"டிரைவரே, நாலு விரல் போகுது. ரெண்டு விரல்தான் போகணும்" என்றார்.

எனக்குப் புரிந்துவிட்டது. பந்தயம் வருகிறது.

இந்தப் பத்தியை வாராவாரம் படிக்கிறவர்களுக்கு எங்கள் முதலாளியைத் தெரியும். அரிமளத்தில் அரிசி மில் நடத்துகிறவர். முப்பத்தைந்து வயது. கோபம் வந்தாலும் 'ங்க' போட்டுத்தான் திட்டுவார். அவருக்கு ஒரே ஒரு பைத்தியம் உண்டு... வேகம்.

சண்டைக் காலத்தில் வெள்ளைக்காரன் விமானம் இறக்குவதற்காகப் போட்ட சிமெண்டுத் திடல் ஒன்று தெற்கே சும்மா கிடக்கிறது. வருஷத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சுற்றுவட்டாரத்துக் கார்க்காரர்கள் அங்கே கூடுவார்கள். மூலைக்கு மூலை தார் டிரம்மை நிறுத்தி, அதைச் சுற்றிச் சுற்றி ஓட்டுவார்கள். ஜெயித்தவருக்கு ஒரு கப். தோற்றவர் அடுத்த மாசி வரை அதையே நினைத்துக்கொண்டிருப்பார்.

போன வருஷம் எங்கள் முதலாளி இரண்டாவதாக வந்தார். எஞ்சினில் குறையில்லை. டிரம்மைச் சுற்றும்போதெல்லாம் கார் ஒரு பக்கமாகப் படுத்துக்கொண்டது. பக்கத்து சீட்டில் இருந்த நான் கதவோடு கதவாக ஒட்டிக்கொண்டேன். கார் படுத்தால் காலை ஆக்ஸிலேட்டரிலிருந்து எடுக்க வேண்டும். எடுத்தால் முன்னால் போகிறவன் போய்விடுவான். அவ்வளவுதான் விஷயம்.

கார் ஏன் படுக்கிறது? ஸ்பிரிங் இளகலாக இருப்பதால். சக்கரத்துக்கு மேலே பட்டை பட்டையாக அடுக்கி, வில் மாதிரி வளைத்திருக்கிறதே, அதுதான் ஸ்பிரிங். பள்ளத்தில் சக்கரம் விழுந்தால் அந்தப் பட்டைகள் வளைந்து கொடுத்து, அடியைத் தாங்களே வாங்கிக்கொள்ளும். உள்ளே இருக்கிறவருக்குத் தெரியாது. திடலில் பள்ளமே கிடையாது. அங்கே வளைந்து கொடுக்கிற ஸ்பிரிங் எதற்கு?

ஆனால் வருஷத்தில் ஒரு நாள்தானே திடல்? மற்ற நாளெல்லாம் அதே கார்தான் புதுக்கோட்டை பேங்குக்குப் போகிறது. ஆவுடையார்கோவில் பக்கம் நெல் பார்க்கப் போகிறது. அதைவிடப் பெரிய வேலை ஒன்றும் அதற்கு உண்டு. ஊரில் ஒருவருக்குப் பாம்பு கடித்தாலும், பிரசவம் சிக்கலானாலும் 'மில்லு காரை எடுங்க' என்றுதான் ஓடி வருவார்கள். முதலாளியின் அப்பா காலத்திலிருந்து இது வழக்கம். அனுமதி கேட்டுக்கொண்டு யாரும் நிற்பதில்லை. அவர்கள் ஷெட்டுக்கு வருவார்கள், நான் சாவியை எடுப்பேன்.

இப்படி இரண்டு பிழைப்பு உள்ள காருக்கு எந்த ஸ்பிரிங் போடுவது?

புதுக்கோட்டையில் ரஹீம் பாய் ஒர்க்‌ஷாப்புக்குப் போனோம். பாய் காரின் அடியில் படுத்துக்கொண்டே பதில் சொன்னார். அவர் முகத்தைப் பார்த்துப் பேசுவது அபூர்வம்.

"கூட ஒரு பட்டை போட்டுத் தாரேன். கல்லு மாதிரி நிக்கும்."

"தினமும் ஓட்டுறதுக்கு?" என்றார் முதலாளி.

"தினமும் கல்லு மாதிரிதான் இருக்கும்."

"வேற?"

"ஷாக் அப்சார்பர்ல கனமான ஆயிலை ஊத்தலாம். தூக்கித் தூக்கிப் போடுறது கொறையும். ஆனா சாயுறது சாயும்."

"காரையே கீழ எறக்கினா?"

"எறக்கலாம். அடியில கட்டை வச்சா ரெண்டு விரல் என்ன, ஒரு விரலே நிக்கும். ஆனா ஒங்க ஊரு வாய்க்கால் பாலத்துல சைலன்சரைக் கழட்டிக் கையில வச்சுக்கிட்டுப் போகணும்."

முதலாளி விடவில்லை. "பாய், திடல்ல சாயக் கூடாது. ரோட்டுல குலுங்கக் கூடாது. அதுக்கு ஒரு வழி சொல்லுங்க."

பாய் முதல்முறையாகத் தலையை வெளியே நீட்டினார். "முதலாளி, உழுவுற மாட்டையே பந்தயத்துலயும் ஓட்டணும்கிறீங்க. ரெண்டு காரு வாங்குங்க. இல்லைன்னா ரெண்டுல ஒண்ணை விடுங்க."

சொல்லிவிட்டுத் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார்.

இரண்டில் ஒன்றை விட யாருக்குத்தான் மனசு வரும்? நானாக இருந்தாலும் வந்திருக்காது.

மறுநாள் மில்லில் இந்தப் பேச்சைக் கருப்பையா கேட்டுவிட்டார். (ஆட்களின் பெயரை மாற்றியிருக்கிறேன். முதலாளியிடம் சொல்லிவிட்டுத்தான் எழுதுகிறேன். "எழுதுங்க" என்று மட்டும் சொன்னார்.)

கருப்பையா மில்லின் மாட்டுவண்டி ஓட்டுகிறவர். நெல் ஏற்றி வருவார், மூட்டை தூக்குவார். தை மாதம் வந்தால் ஆளே மாறிவிடுவார். மாட்டுவண்டிப் பந்தயத்தில் சாரதி. குன்றாண்டார்கோவிலிலிருந்து ஆவுடையார்கோவில் வரை எங்கே பந்தயம் நடந்தாலும் மைக்கில் அவர் பெயர் கேட்கும். என்னைக் கண்டால் அவருக்கு ஒரு இளக்காரம். நான் அதிகம் பேச மாட்டேன், கூட்டத்தைக் கண்டால் ஒதுங்குவேன். அதனால் எனக்கு 'புதுப்பொண்ணு' என்று பேர் வைத்திருந்தார்.

"காரு சாயுதுங்கிறீங்களா?" என்று முதலாளியிடம் வந்தார். "பந்தய வண்டியில ஏர்க்கால் ஆடாம இருக்க என்ன பண்ணுவோம்? பச்சைத் தோல் வாரை நனைச்சு இறுக்கச் சுத்துவோம். காஞ்சா இரும்பு. இம்மி நகராது. பந்தயம் முடிஞ்சதும் அறுத்துப் போட்டுருவோம். அந்தப் பட்டையில சுத்திப் பாருங்களேன்."

முதலாளியின் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். தேடிய வழி கிடைத்துவிட்டது. பட்டை கூட்ட வேண்டாம். கட்டை வைக்க வேண்டாம். பந்தயத்துக்குக் கட்டு, முடிந்தால் அறு. ஒரே கார், இரண்டு கார்.

திங்கட்கிழமை கருப்பையா எருமைத் தோல் வாரைத் தொட்டியில் ஊறப்போட்டுக் கொண்டுவந்தார். நான் ஜாக்கி வைத்துக் காரைத் தூக்கினேன். அவர் மல்லாக்கப் படுத்து, காலைச் சக்கரத்தில் உதைத்து, வாரைப் பல்லால் கடித்து இழுத்து நாலு ஸ்பிரிங்கிலும் சுற்றினார். பட்டை மேல் பட்டை நகராதபடி நெருக்கமான சுற்று.

"புதுப்பொண்ணு, வந்து கையை வச்சுப் பாருங்க. ஒரு நூல் உள்ள போகுதா?"

போகவில்லை.

இரண்டு நாள் வெயிலில் நின்றது கார். புதன்கிழமை தட்டிப் பார்த்தால் டொக் டொக் என்று மரச் சத்தம். பின் பம்பரில் நானும் கருப்பையாவும் ஏறி நின்று குதித்தோம். கார் அசையவில்லை. கருப்பையா காதில் சொருகியிருந்த பீடியை எடுத்துப் பற்றவைத்துக்கொண்டு, காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

அன்றைக்கே பேங்குக்குப் போக வேண்டியிருந்தது. கணக்கப்பிள்ளையை ஏற்றிக்கொண்டு புதுக்கோட்டை போய் வந்தேன். பன்னிரண்டு மைல் கப்பி ரோடு. கல் ரோடா, அலை ரோடா என்று கேட்டால் இரண்டும்தான். திரும்பி வந்ததும் கணக்கப்பிள்ளை இறங்கி, வாயைத் தடவிப் பார்த்தார்.

"பல்லெல்லாம் இருக்குது. நாளையிலேர்ந்து நான் பஸ்ஸுல போயிக்கிறேன், டிரைவரே."

எல்லோரும் சிரித்தோம். முதலாளியும் சிரித்தார். "ஞாயித்துக்கிழமை வரைக்கும் காரை வெளிய எடுக்க வேணாம். ஷெட்டுலயே இருக்கட்டும்" என்றார்.

வெள்ளிக்கிழமை காலை கருப்பையா விழுந்துவிட்டார்.

மில்லில் நெல் மூட்டைகளைக் கூரை உயரத்துக்கு அடுக்கியிருப்போம். அவர் மேலே ஏறி நின்றிருந்தபோது மேல் வரிசை மூட்டை ஒன்று நழுவ, அதோடு அவரும் வந்தார். கீழே சிமெண்டுக் களம். மூட்டை ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம். முதுகு பட விழுந்தார்.

சத்தம் கேட்டு ஓடினோம். கண் திறந்துதான் இருந்தார். "தூக்காதீங்க... தூக்காதீங்க" என்றார். நல்ல வேளை, யாரும் தூக்கவில்லை. டிஸ்பென்சரி கம்பவுண்டர் வந்து பார்த்தார். காலைத் தொட்டு, "வெரலை அசைங்க" என்றார். வலது கால் பெருவிரல் அசைந்தது. நான் அவர் கால்மாட்டில்தான் நின்றேன். இடது கால் விரலும் கொஞ்சம் அசைந்தது.

"முதுகெலும்புல அடி. பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் போகணும். பலகையில படுக்கவச்சு, அசைக்காமக் கொண்டு போங்க" என்றார் கம்பவுண்டர். பிறகு என்னைத் தனியாகப் பார்த்து இன்னொரு முறை சொன்னார். "குலுங்கக் கூடாது."

போஸ்டாபீஸ் போனில் ஆஸ்பத்திரி வேனுக்கு முயற்சி செய்தார்கள். லைன் கிடைக்கவில்லை. வழக்கப்படி எல்லோர் கண்ணும் ஷெட் பக்கம் திரும்பியது.

முன்பக்க இடது சீட்டைக் கழற்றினேன். மில்லில் கிடந்த பலகையைப் பின்சீட்டிலிருந்து முன்பக்கம் வரை நீளமாகப் போட்டோம். நாலு பேர் பிடித்து, ஜமுக்காளத்தோடு அவரைப் பலகையில் கிடத்தினார்கள். அவர் மனைவி செல்லாயி தலைமாட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

நான் ஏறவில்லை. முதலாளியிடம் போனேன்.

"முதலாளி, வாரை அறுத்துடலாம்."

முதலாளி சக்கரத்தைப் பார்த்தார். உளி வைத்து வெட்டினால் அரை மணி நேரத்தில் நாலையும் அறுத்துவிடலாம். ஆனால் திரும்பச் சுற்றிக் காயவைக்க இரண்டு நாள் முழு வெயில் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலையில் திடலில் நிற்க வேண்டும். நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

காருக்குள்ளிருந்து கருப்பையாவின் குரல் வந்தது.

"டிரைவரே, அதுல கையை வைக்காதீங்க."

"குலுங்கக் கூடாதுன்னு சொல்றாருப்பா" என்றேன்.

"கம்பவுண்டருக்கு என்ன தெரியும், ஊசி போடுற ஆளு. நான் நாள் முழுக்க முதுகு ஒடியக் கட்டுனது. நீங்க வந்து அறுக்குறீங்களாக்கும்?"

முதலாளி கதவருகே குனிந்தார். "கருப்பையா, ஒங்க முதுகுய்யா."

"என் முதுகு மூட்டை சொமந்த முதுகு, முதலாளி. என்னால ஒங்க பந்தயம் நின்னுச்சுன்னு இருக்கக் கூடாது. மெதுவாப் போகச் சொல்லுங்க, போதும்."

"அறுத்துடுங்களேன்" என்று செல்லாயி சொன்னாள். மெதுவாகத்தான் சொன்னாள். ஆனால் எல்லோருக்கும் கேட்டது.

"நீ சும்மா இரு" என்றார் கருப்பையா.

முதலாளி நிமிர்ந்தார். "அவரே சொல்றாரு... மெதுவாப் போங்க, டிரைவரே. நான் மோட்டார் சைக்கிள்ல முன்னாடி போயி ஆஸ்பத்திரியில சொல்லி வைக்கிறேன்."

அதற்கு மேல் நான் என்ன செய்வது? நாலு டயரிலும் காற்றைப் பாதிக்கு இறக்கினேன். குலுங்கலைக் குறைக்கக் கையில் இருந்த வழி அது ஒன்றுதான். பிறகு ஸ்டியரிங்கைப் பிடித்தேன்.

மெதுவாகப் போ என்று சொல்வது சுலபம். எங்கள் ரோட்டில் ஓட்டியவர்களுக்குத் தெரியும். லாரியும் மாட்டுவண்டியும் ஓடி ஓடி, ரோடு துணி துவைக்கிற பலகை மாதிரி வரி வரியாகிக் கிடக்கிறது. ஸ்பிரிங் வேலை செய்கிற காராக இருந்தால் மெதுவாகப் போகலாம். ஸ்பிரிங் இல்லாத காரில் மெதுவாகப் போனால் ஒவ்வொரு வரியும் தனித்தனியாக அடிக்கும். வேகமாகப் போனால் எல்லா வரியும் சேர்ந்து அடிக்கும். எது நல்லது? நான் மெதுவாகத்தான் போனேன்.

முதல் மூன்று மைல் கருப்பையா பேசிக்கொண்டே வந்தார்.

"எப்புடி நிக்குது பாருங்க. ஒரு நெகிழ்வு இருக்கா?"

"இல்லை."

"நாஞ் சொன்னேன்ல. ஞாயித்துக்கிழமை முதலாளி எல்லாரையும் தூக்கிச் சாப்பிடப் போறாரு. நீங்க பக்கத்துல உக்காந்து கண்ணை மூடிக்கங்க, புதுப்பொண்ணு."

செல்லாயி அவர் நெற்றியில் கை வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள். தலை ஆடாமல் இருக்க அவளாகவே செய்தது. ஒவ்வொரு குலுங்கலுக்கும் அவர் பேச்சு நடுவில் அறுந்து, மறுபடி தொடங்கியது. வலிக்கிறதா என்று நான் கேட்கவில்லை. கண்ணாடியில் அவர் முகம் தெரிந்தது, அதுவே போதும்.

பாதி வழியில் ஒரு தரைப்பாலம். தண்ணீர் இல்லை. ஆனால் பாலமும் ரோடும் சேருமிடத்தில் சிமெண்டு உடைந்து ஒரு படி மாதிரி நிற்கும். நின்றே விட்டேன். பிறகு முன்சக்கரம் ஒவ்வொன்றாக, பின்சக்கரம் ஒவ்வொன்றாக ஏற்றினேன். கடைசிச் சக்கரம் ஏறும்போது டொக் என்று ஒரு அடி. என் பல்லில் தெரிந்தது.

கருப்பையா 'ம்' என்றார். அதோடு பேச்சு நின்றுவிட்டது.

கொஞ்ச தூரம் போனதும் கேட்டார், "செல்லாயி, போர்வையை ஏன் எடுத்த?"

"எடுக்கலையே."

"கால் மேல கெடந்துச்சுல்ல."

"இருக்குதுங்க."

காரை ஓரமாக நிறுத்தித் திரும்பிப் பார்த்தேன். போர்வை அவர் தொடையிலிருந்து கணுக்கால் வரை, நாங்கள் போர்த்திய மாதிரியே கிடந்தது.

"வெரலை அசைங்க" என்றேன்.

"அசைக்கிறேன்" என்றார்.

செல்லாயி என்னைப் பார்த்தாள். நான் விரலைப் பார்த்தேன். அவர் மேலே கூரையைப் பார்த்துக்கொண்டு, "அசையுதுல்ல?" என்றார்.

இறங்கிப்போய்ப் பின்சக்கரத்துக்கு அடியில் படுத்தேன். டூல் பெட்டியில் உளி இல்லை. சீட்டைக் கழற்றிய ஸ்க்ரூ டிரைவர் இருந்தது. அதைக் கொண்டு வாரைக் குத்தினேன். கோடு விழுந்ததே தவிர, அறுபடவில்லை. செல்லாயி ஜன்னலிலிருந்து, "அண்ணே, போயிருவோம்ணே" என்றாள். போனோம்.

ஆஸ்பத்திரி வாசலில் முதலாளி ஸ்ட்ரெச்சரோடு நின்றார். டாக்டர் இளவயதுக்காரர். பொறுமையாகப் பார்த்தார். ஊசி முனையால் பாதத்திலிருந்து மேலே தொட்டுத் தொட்டு வந்தார். இடுப்புக்கு வந்த பிறகுதான் கருப்பையா முகம் சுளித்தார்.

"கால் எப்ப மரத்துச்சு?" என்று கேட்டார் டாக்டர்.

"விழுந்தப்பவே, சார்" என்றார் கருப்பையா.

முதலாளி சுவரோரம் நின்று, மோட்டார் சைக்கிள் ஓட்டும்போது போடுகிற கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். மில்லில் கம்பவுண்டர் விரலை அசைக்கச் சொன்னபோது அவரும் பக்கத்தில்தான் நின்றார்.

நாலு பேர் நடுவில் பேசுவது என்றால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். எப்படியோ சொல்லிவிட்டேன். "இல்லீங்க. கிளம்புறப்ப ரெண்டு கால் வெரலும் அசைஞ்சுச்சு. நான் பாத்தேன்."

டாக்டர் கருப்பையாவைப் பார்த்தார்.

"டிரைவர் பயந்த ஆளு, சார்" என்றார் கருப்பையா. "பயத்துல அவருக்கு எல்லாமே அசையுற மாதிரிதான் தெரியும்."

வார்டில் இரண்டு பேர் சிரித்தார்கள். நான் வெளியே வந்துவிட்டேன்.

பிறகு டாக்டர் என்னைத் தேடி வராந்தாவுக்கு வந்தார். நான் சொன்னதை முழுதாகக் கேட்டுக்கொண்டார். "விழுந்ததுலயே உள்ள வீங்க ஆரம்பிச்சு, போகப் போக மரத்திருக்கலாம். வழியில எலும்பு நகர்ந்தும் இருக்கலாம். எதுன்னு யாராலும் சொல்ல முடியாது" என்றார். "எதுவா இருந்தாலும் இனிமே அவர் நடக்குறது கஷ்டம்."

கஷ்டம் என்றுதான் டாக்டர்கள் சொல்வார்கள். நமக்குத்தான் அந்த வார்த்தை புரியும்.

ஒரு மாதமாக யோசித்துப் பார்க்கிறேன். எங்கள் முதலாளி கெட்டவரா? இல்லை. கருப்பையா 'வேண்டாம்' என்று சொல்லாமல் இருந்திருந்தால், உளியை அவரே எடுத்திருப்பார் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். நம் பக்கத்தில் ஒரு பழக்கம் இருக்கிறது. அடிபட்டுக் கிடக்கிறவர்தான் முதலில் 'பரவாயில்லை' என்பார். அடுத்தவருக்குச் சிரமம் கொடுக்கக் கூடாதாம். பக்கத்தில் நிற்கிறவர்கள் அந்த வார்த்தையை உத்தரவாக எடுத்துக்கொண்டு மூச்சு விடுவார்கள். சொன்னவருக்கும் மரியாதை, கேட்டவருக்கும் நிம்மதி. முதுகெலும்பை மட்டும் யாரும் கேட்பதில்லை.

ஞாயிற்றுக்கிழமை பந்தயம் நடந்ததா? நடந்தது.

சனிக்கிழமை முதலாளி ஆஸ்பத்திரிக்குப் போய், "நான் போகலய்யா" என்று கருப்பையாவிடம் சொன்னாராம். "போகாட்டி நான் எதுக்கு முதலாளி கட்டுனேன்?" என்று அவர் கேட்டாராம். அதுவும் ஒரு உத்தரவு.

சீட்டைத் திரும்ப மாட்டி, காற்றடித்து, நானும் பக்கத்தில் உட்கார்ந்து போனேன். பொய் சொல்லக் கூடாது. கட்டு நல்ல கட்டு. டிரம்மைச் சுற்றும்போது கார் ஒரு இம்மிகூடச் சாயவில்லை. முதலாளி காலை எடுக்கவே இல்லை. போன வருஷம் ஜெயித்தவர் எங்களுக்குப் பின்னால் தூசியில் வந்தார். கப் எங்களுக்கு.

மறுநாள் காலை முதலாளி கப்பை எடுத்துக்கொண்டு என்னோடு ஆஸ்பத்திரிக்கு வந்தார். கட்டில் பக்கத்து ஸ்டூலில் வைத்தார்.

"சாஞ்சுதா?" என்றார் கருப்பையா.

"இல்லய்யா."

"நாலும் அப்புடியே நின்னுச்சா? எதுவும் நெகிழலையே?"

"நெகிழல."

"அதான பாத்தேன்" என்று கருப்பையா கண்ணை மூடிக்கொண்டார். முதலாளி வராந்தாவுக்குப் போனார். நாங்கள் புறப்படும் வரை உள்ளே வரவில்லை.

அன்று மாலையே உளியோடு ஷெட்டுக்குப் போனேன். முதலாளியிடம் கேட்கவில்லை. வாரை அறுத்து முடித்தபோது கைத்தோல் உரிந்திருந்தது. மறுநாள் காரில் ஏறியதும் அவருக்குத் தெரிந்துவிட்டது. முதல் பள்ளத்தில் கார் மெத்தென்று இறங்கி ஏறியது. அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கருப்பையா வீடு திரும்பியதும் மில் கேட்டில் உட்கார்ந்து பார்க்கிற வேலை தருவதாக முதலாளி சொல்லியிருக்கிறார். தருவார். சொன்ன சொல் தவற மாட்டார்.

போன வாரம் ஆஸ்பத்திரிக் குழாயடியில் செல்லாயி பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து, சேலையில் கையைத் துடைத்தாள்.

"அண்ணே, ஒண்ணு கேக்கணும். அன்னைக்கு அறுத்திருந்தா அவரு நடந்திருப்பாரா?"

"தெரியலம்மா. டாக்டருக்கே தெரியல."

"அவருகிட்டக் கேட்டேன். சும்மா இருங்கறாரு." குனிந்து பாத்திரத்தை எடுத்தாள். "அன்னைக்கும் அதைத்தான் சொன்னாரு."

குழாயை மூடிவிட்டு வந்தேன்.

வார்டுக்குள் போனால் கட்டிலைச் சுற்றிப் புது ஆட்கள். மூன்று பேரும் கார் வைத்திருப்பவர்கள். பந்தயத்தைப் பார்த்தவர்கள். தினசரி ஓட்டுகிற காரிலேயே பந்தயமும் ஓட்ட நினைப்பவர்கள். ஆப்பிள் வாங்கி வந்திருந்தார்கள். கருப்பையா துண்டைக் கட்டில் கம்பியில் சுற்றிச் சுற்றிக் காட்டிக்கொண்டிருந்தார். விழுந்த பிறகு அவர் முகத்தில் அவ்வளவு வெளிச்சத்தை நான் பார்த்ததில்லை.

எருமைத் தோலா, மாட்டுத் தோலா என்று ஒருவர் கேட்டார். எத்தனை சுற்று என்று ஒருவர். எவ்வளவு நேரம் ஊற வேண்டும் என்று ஒருவர்.

எப்போது அறுக்க வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை.